அஞ்சு வார்த்தை

பானை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, தட்டினாத்தான் தெரியும்... அப்புறம் ஒரு பாதி இருக்கு தம்பி. எங்க பெரியப்பா சொல்லுவார். முதல் பாதி நல்லா ஞாபகம் இருக்கு, ரெண்டாவது பாதி வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டு உள்ள வரமாட்டேங்குது. பெரியப்பா போயிட்டார். அவர் பேச்சை உக்காந்து கேட்டவங்கள்ல நான்தான் மிச்சம். நம்ம பல்லி இருக்கானே, அவன்கிட்ட ஒருதடவ கேட்டேன். தட்டினவன்தான் உடைச்சான்னு ஊரு சொல்லும், அதான் மிச்சம்ணேன்னான். அது அவனே கட்டிவிட்டது. ஆனா மோசமில்ல.

இரு, உன் கேள்விக்கு வரேன். அந்த அஞ்சு வார்த்தை என்னன்னுதானே கேட்ட? வரேன். உன் நம்பர் வர இன்னும் நேரம் கிடக்கு, பலகையைப் பாரு, நகரவே மாட்டேங்குது. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இங்க வா, பெஞ்சுல உக்காரு. இந்தப் பக்கமா இல்ல, அந்தப் பக்கம். வலது காதுல எனக்கு ஒண்ணும் ஏறாது.

என்கிட்ட கேட்டா தெரியும்னு பல்லிதானே அனுப்பினான்? நினைச்சேன். கண்ணிவெடி எடுக்கற பிரிவுல இருந்தவன், சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நகருவான், அதான் பல்லி. நம்ம ஆளுங்கள்ல இந்த ரூமுக்குள்ள முதல்ல போயிட்டு வந்தது அவன்தான். உள்ள ஞாபகசக்தி பாக்கற டாக்டரம்மா ஒருத்தங்க இருப்பாங்க. நல்ல மாதிரி. அஞ்சு வார்த்தை சொல்லுவாங்க, நீ திருப்பிச் சொல்லணும். அப்புறம் கடிகாரம் வரையச் சொல்லுவாங்க, நூறுலேர்ந்து ஏழேழா கழிக்கச் சொல்லுவாங்க, இது என்ன மிருகம்னு படம் காட்டுவாங்க. எல்லாம் முடிஞ்சு, அப்பாடான்னு நீ சட்டைக் காலரை இழுத்துவிடற நேரம் பாத்து, முதல்ல சொன்ன அஞ்சு என்னப்பான்னு கேப்பாங்க. அங்கதான் நம்ம ஆளுங்க விழறது. ஆனா கேக்கற அஞ்சு எல்லாருக்கும் அதே அஞ்சுதான். போன வருஷமும் அதே. பல்லி வெளிய வந்தான், அடுத்து இருந்தவன் காதுல ஊதினான், அவன் அவனுக்கு அடுத்தவன் காதுல ஊதினான். இந்த பெஞ்சுலேர்ந்து ஒருத்தன்கூட நேத்து வரைக்கும் ஃபெயிலாகல.

தப்பா? தப்புன்னு யார் சொன்னா. மழையில ஒருத்தனுக்குத்தான் கோட்டு இருந்தா நாலு பேர் அதுக்குள்ள நிப்போமே, அது மாதிரிதான். இந்த டெஸ்ட்ல பாஸாகாம வேலைக்கான சர்ட்டிபிகேட் கிடையாது. நீ என்ன ஓட்டற? பெட்ரோல் டேங்கரா. ம்.

நானா? நான் கிரேன் கிட்ட வேலை. ஓட்டறது இல்ல. கீழ நின்னு சொல்றவன். மாடி கட்டற இடத்துல பாத்திருப்பியே, உசரமா நிக்குமே, அது மேல கூண்டுல ஒருத்தன் உக்காந்திருப்பான். அவனுக்குக் கீழ நடக்கறது பாதி தெரியாது. வாக்கி-டாக்கில நான் சொல்லணும். தூக்கு, நிறுத்து, இடதுபக்கம் கொஞ்சம், இறக்கு. நான்தான் அவனுக்குக் கண்ணு. எங்க கூண்டுக்காரனை காக்கான்னுதான் கூப்பிடறது. கறுப்புன்னு இல்லப்பா, மேலேயே உக்காந்து எல்லாரையும் திட்டிக்கிட்டிருப்பான், அதான்.

எனக்கு அந்த வேலை கொடுத்ததே ரேடியோவுல இருந்தவன்னுதான். நீ எதுல இருந்த? மோர்ட்டாரா. அட, அப்ப நாம பங்காளி. குண்டைக் குழாய்க்குள்ள நழுவ விட்டுட்டு நீங்க எல்லாம் தலையைக் குனிஞ்சு காதைப் பொத்திக்குவீங்க. நான் பக்கத்துல ஹெட்செட்டோட உக்காந்திருப்பேன். ஒரு காதுல தூரம் எவ்வளவு, திசை எதுன்னு ஆர்டர் வரும், இன்னொரு காதுல உங்க குழாய் உறுமும். பொத்திக்க எனக்கு ஏது கை? ஒரு கையில எழுதணும், ஒரு கையில பட்டனை அமுக்கணும். வர்ற ஆர்டரை ஒரு எழுத்து விடாம திருப்பிச் சொல்லணும், கடைசியில புரிஞ்சுதுன்னு சொல்லணும். திருப்பிச் சொல்லலைன்னா அது ஆர்டரே இல்ல. ஒரு எண் மாறினா குண்டு நம்ம ஆளுங்க தலையில. நான் ஒருநாளும் மாத்திச் சொன்னதில்ல தம்பி. இதைப் பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

அந்தப் பழக்கம் போகாது. வீட்டுக்கு வந்தும் அதே. வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வாங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா, வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வரணும், புரிஞ்சுதும்பேன். ஆரம்பத்துல சிரிப்பா. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான், சொன்னதை அப்படியே கேக்கறார்னு அவ வேலை செய்யற பல் டாக்டர் ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. அங்க வரவேற்பு மேசையில இருக்கா அவ. அப்புறம் பாத்தா வெங்காயம் வராது. திருப்பிச் சொல்றது அப்படியே இருக்கு, சொன்னது மட்டும் நிக்கறதில்ல. காது வழியா உள்ள போய் வாயி வழியா வெளிய வந்துடுது. நடுவுல எங்கேயும் தங்கறதில்ல.

உனக்கும் அப்படியா? வார்த்தைதான் வரமாட்டேங்குதா. தெரிஞ்ச பொருள், பேரு வராது. ஆமாம், அதுவும் உண்டு. ஸ்பேனரைப் பாத்துக்கிட்டு அதை எடு, அந்தத் திருகறதை எடும்பேன். காக்கா மேலேர்ந்து வாக்கி-டாக்கில அண்ணனுக்கு இன்னைக்கு மௌன விரதம்பான்.

ஏன் இப்படி ஆகுதுன்னு நான் கேக்காத ஆள் இல்ல. ரெண்டு பாஷையில படிச்சவனாச்சே, ரிப்போர்ட்டெல்லாம் நானே படிச்சுக்குவேன், பல்லிக்கும் படிச்சுச் சொல்லுவேன். காது டாக்டர்கிட்ட போனேன். நீ மறக்கறதுல பாதி நீ கேக்கவே இல்லாததுன்னார். நியாயம்தான். மெஷின் ஒண்ணு கொடுத்தார். இப்ப ஃபேன் சத்தம் நல்லாக் கேக்குது, மாடி வீட்டுல நாற்காலி இழுக்கறது கேக்குது, என் வீட்டுக்காரி சொல்றதுதான் அதுக்கு நடுவுல தேடணும். தூக்க டாக்டர் ஒருத்தர். தூக்கத்துல உனக்கு மூச்சு நின்னு நின்னு வருது, மூளைக்குக் காத்து பத்தல, மறக்காம என்ன செய்யும்னார். மூஞ்சில மாட்டற மாஸ்க் ஒண்ணு. விஷவாயு டிரில்லுக்குப் போட்டமே, அதே மாதிரி. மாட்டிப் படுத்த முதல் நாளே எந்திரிச்சு உக்காந்து வீட்டுக்காரியையும் மாட்டச் சொல்லிக் கத்தியிருக்கேன். அவளுக்கு எங்க போறது மாஸ்க்குக்கு.

மனசு டாக்டர் சொன்னது வேற. உள்ளுக்குள்ள நீ இன்னும் காவல்ல நிக்கற, காவல்ல நிக்கறவனுக்கு வெங்காயம் எப்படி ஞாபகம் இருக்கும்னார். அழுவீங்களான்னு கேட்டார். இல்லைன்னேன். ஏன்னு கேட்டார். பல்லி மாத்திரையைச் சொல்லுவான். வாராவாரம் வரிசையில நிக்கவச்சு மலேரியா மாத்திரை கொடுத்து, வாயைத் திற, நாக்கைத் தூக்குன்னு பாப்பாங்களே, அதுதான் பண்ணிருச்சும்பான். முகாமுக்குப் பின்னாடி குழி ஒண்ணு இருந்துச்சு, உங்களுக்கும் இருந்திருக்கும். பிளாஸ்டிக், பேட்டரி, பெயிண்ட் டப்பா, செத்த நாய், எல்லாம் போட்டு எரிப்போம். காத்து திரும்பினா அந்தப் புகைக்குள்ளதான் சாப்பாடு. அதுவா இருக்கலாம். எங்க அக்காவைக் கேட்டா குடின்னுவா. நான் குடிக்கிறதே இல்லைக்கான்னா, அப்ப குடிச்சிருக்கணும், அதான் இப்படிம்பா. அவகிட்ட ஜெயிக்க முடியாது.

ஒருத்தரும் கேக்காத கேள்வி ஒண்ணுதான். அந்தக் குழாய் பக்கத்துல எத்தனை வருஷம் உக்காந்திருந்தேன்னு. ஃபைல்ல எழுதியிருக்கு, தலையில காயம் இல்லைன்னு. வாஸ்தவம். ஒரு கீறல் கிடையாது. தலையில அடிபட்டவன்னா ரத்தம் வரணும், மயங்கி விழணும். நாம விழலையே. சண்டையில சுட்டதை விட பயிற்சியில சுட்டதுதான் அதிகம். வெறும் மைதானத்துல, யாரும் திருப்பிச் சுடாம, காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் டொம்மு டொம்முன்னு, ஒவ்வொண்ணுக்கும் மண்டைக்குள்ள அதிரும். சாயங்காலம் டீ குடிக்கும்போது பல்லு கூசும், ஞாபகம் இருக்கா? கப்பு கையில இருக்கும், குடிச்சமா இல்லையான்னு தெரியாது. ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சிரிச்சுக்குவோம். அதுக்கு நாங்க வச்ச பேரு குழாய் போதை. உங்க பக்கம் என்ன சொல்லுவீங்க? மணியடிச்சிருச்சா. அதுவும் பொருத்தம்தான். அதையெல்லாம் வியாதின்னு யார் நினைச்சா.

அது மட்டும்தான்னு நானும் சொல்லல. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம், எது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்னு உள்ள இருக்கற அம்மாவே சொன்னாங்க. எப்படிப் பிரிப்பாங்க? யார் யாருக்கு என்ன போச்சு, யார் எங்க உக்காந்திருந்தான்னு பாத்துப் பிரிக்கணும். அவங்ககிட்ட என்ன இருக்கு? நாம எல்லாரும் பாஸ். மோர்ட்டார்காரன் பாஸ், ரேடியோக்காரன் பாஸ், பல்லி பாஸ். ஆக நமக்கு ஒண்ணுமே இல்ல. அப்படித்தானே எழுதுவாங்க.

தண்ணி வேணுமா? அந்த மெஷின்ல சிவப்புக் குழாயைத் திறக்காத, சுடும். கப்பு கீழ் தட்டுல இருக்கும்.

வா, உக்காரு. எங்க விட்டேன்? ஆங்.

பொண்ணு ஒருத்தி தம்பி எனக்கு. ஒரே பொண்ணு. அவளா ஒருத்தனைப் பாத்துக் கட்டிக்கிட்டா. பையன் நல்லவன், லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், எனக்கு ஒண்ணும் இல்ல. அவ அம்மாவுக்குத்தான் ஆகல. பேச்சை நிறுத்திட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், நடுவுல நான். மறுபடியும் ரேடியோ டூட்டின்னு வச்சுக்கயேன். அம்மா எப்படி இருக்காங்கன்னு பொண்ணு கேப்பா, அவ இளைச்சிருக்காளான்னு இவ கேப்பா. இவ நேராக் கேக்கமாட்டா. ஏதோ சுவத்தைப் பாத்துக் கேக்கற மாதிரி கேப்பா.

ஒருநாள் பொண்ணு கூப்பிட்டா. லீவு நாள், நான் மட்டும் வீட்டுல. அப்பா, நான் மாசமா இருக்கேன்னா. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன், அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க, அவங்களுக்குப் பேசணும்னு தோணினா என்னைக் கூப்பிடட்டும், தோணலைன்னா நான் தொந்தரவு பண்ணமாட்டேன்னா. நான் திருப்பிச் சொன்னேன். நீ மாசமா இருக்க, அம்மாகிட்ட நான் சொல்லணும், அவளுக்குப் பேசணும்னு தோணினா உன்னைக் கூப்பிடணும், புரிஞ்சுது. அப்படிச் சொன்னேனாம். சொன்னேனாம்னுதான் சொல்லமுடியும் தம்பி. எனக்குத் தெரியாது. இன்னிக்கும் தெரியாது. ஃபோனை வச்சப்புறம் யாரோ வந்து கதவைத் தட்டியிருக்கலாம், இல்ல பால் பொங்கியிருக்கலாம். துடைச்சு விட்ட மாதிரி இருக்கு அந்த இடம்.

அவ காத்திருந்திருக்கா. அம்மா கூப்பிடுவா, கூப்பிடுவான்னு. கூப்பிடலைன்னதும் சரி, இதுதான் பதில்னு எடுத்துக்கிட்டா. என்னையும் கூப்பிடறதை விட்டுட்டா. வேலை ஜாஸ்தியா இருக்கும்னு நான் நினைச்சேன். வயிறு தெரியற மாசம் வரைக்கும் போயிருச்சு. ஒருநாள் பல் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பொம்பளை, பொண்ணு வீட்டுப் பக்கத்துக்காரி, பாட்டியாகப் போறீங்க, இனிப்பு கிடையாதான்னு என் வீட்டுக்காரியைக் கேட்டிருக்கா. பல்லுக்குக் காட்ட வந்தவ இனிப்புக் கேக்கறா பாரு.

என் வீட்டுக்காரி நேரா வீட்டுக்கு வந்தா. செருப்பைக்கூடக் கழட்டல. ஊருக்கெல்லாம் தெரியும், பெத்தவங்களுக்குத் தெரியாதான்னு பொண்ணுக்கு அவளே ஃபோன் போட்டா. அத்தனை நாள் கழிச்சு முதல் பேச்சே சண்டை. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தா. உங்ககிட்ட சொன்னாளாமேன்னா. நான் இல்லைன்னேன். சத்தியமா இல்லைன்னேன். நான் பொய் சொல்றேன்னு நினைக்காத, எனக்கு அவ்வளவு நிச்சயம். அவ பொய் சொல்றான்னே சொல்லிட்டேன், ஸ்பீக்கர்ல என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா. அப்புறம் நான் திருப்பிச் சொன்னதை அப்படியே சொன்னா. நீ மாசமா இருக்க, அம்மாகிட்ட நான் சொல்லணும், அவளுக்குப் பேசணும்னு தோணினா உன்னைக் கூப்பிடணும், புரிஞ்சுது. ஒரு எழுத்து மாறல. அந்த மாதிரி பேசற ஆள் எங்க குடும்பத்துல இன்னொருத்தர் கிடையாது. அந்த வார்த்தை என்னோடதுதான்னு அங்க தெரிஞ்சுபோச்சு.

என் வீட்டுக்காரி கத்தல. கத்தியிருந்தா தேவலை. பீரோவைத் திறந்து இந்த ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்டை எடுத்தா. ஞாபக சக்தி நல்லா இருக்குன்னு முத்திரை குத்தினது. என் முன்னாடி வச்சா. மூளையில ஏதாவது கோளாறுன்னா நான் பொறுத்துக்குவேன், கோளாறு இல்லைன்னு இதுல எழுதியிருக்கு, அப்ப நீங்க ஏன் சொல்லலைன்னா. நான் என்ன சொல்லுவேன்? பல்லி காதுல ஊதினான்னு சொல்லவா? எங்க ரெண்டு பேரையும் சேரவிடக்கூடாதுன்னு உங்களுக்கு இருந்திருக்கும்னா. அவ அப்படி நினைக்கறவ இல்ல. ஆனா வேற எப்படி நினைக்கிறது, நீயே சொல்லு. நோயாளியை மன்னிக்கலாம். பாஸானவனை எப்படி மன்னிக்கிறது.

இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க. தினம் பேசறாங்க. வீட்டுக்காரி பால்கனிக் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவா, கண்ணாடி வழியா அவ சிரிக்கறது தெரியும். நடுவுல ரேடியோ தேவைப்படல. பேத்தி பொறந்தாச்சு. என்னை மாதிரியே காது பெருசு. வந்தா மடியில வைப்பாங்க, யாராவது ஒருத்தர் கூடவே நிப்பாங்க. ஒருநாள் பொண்ணு அவ அம்மாகிட்ட மெதுவாச் சொன்னா, அப்பாகிட்ட தனியா விடாதேம்மான்னு. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சா. புது மெஷினாச்சே, கேட்டுருச்சு. கோபம் வரல தம்பி. நானா இருந்தாலும் விடமாட்டேன்.

வீட்டுக்காரி என்கிட்ட பேசாம இல்ல. நல்லாத்தான் பேசறா. வெயில் ஜாஸ்தி, கீழ் வீட்டுல குழாய் ஒழுகுது, இன்னிக்கு பஸ்ஸுல கூட்டம். மறந்தா ஒண்ணும் ஆகாததா பாத்துப் பாத்து எடுத்துச் சொல்றா. முக்கியமானது எதுவும் என் பக்கம் வர்றதில்ல. நானும் திருப்பிச் சொல்றேன், வெயில் ஜாஸ்தி, புரிஞ்சுதுன்னு. முன்ன மாதிரி அவ சிரிக்கறதில்ல.

போன வாரம் வேலையில ஒண்ணு நடந்துச்சு. கம்பிக்கட்டு ஒண்ணைத் தூக்கச் சொன்னேன். பாதியில நிறுத்துன்னேன். காத்து அடிச்சுதுன்னு நிறுத்தச் சொன்னேன்னு நினைக்கிறேன். அப்புறம் போய் தண்ணி குடிச்சிட்டு, கொத்தனாரோட பேசிக்கிட்டு நிழல்ல நின்னேன். மேல அது தொங்கிக்கிட்டு இருக்கு. கீழ ஆளுங்க போறாங்க வர்றாங்க. காக்கா நான் சொல்லுவேன் சொல்லுவேன்னு கையை எடுக்காம பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அப்புறம் வாக்கி-டாக்கில அவன் குரல் வந்துச்சு. திட்டல. அவன் திட்டாம பேசி நான் கேட்டதே இல்ல. அண்ணே, மேல ஒண்ணு இருக்குண்ணே, ஞாபகம் இருக்கான்னான். யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெளியவும் சொல்லல அவன். அண்ணே, சர்ட்டிபிகேட் இந்த மாசம்தானே, பாத்துக்கங்கன்னான், அவ்வளவுதான். பாத்துக்கங்கன்னா என்ன அர்த்தம்னு நான் கேக்கல.

நீ ஏன் டேங்கரை நிறுத்தின? இல்ல, சும்மா கேட்டேன். சொல்லவேணாம். முகத்தைப் பாத்தா தெரியுது, எங்கேயோ நிறுத்திட்டு எங்க போறோம்னு தெரியாம உக்காந்திருந்திருக்க. உனக்கு ரெண்டு சின்னப் பசங்கன்னு பல்லி சொன்னான். அவங்க பள்ளிக்கூடமும் நீ போற அதே ரோட்லதான் இருக்கும்.

எனக்கா? என் நம்பர் எப்பவோ முடிஞ்சுது தம்பி. காலையில முதல் ஆள் நான்தான். முடிஞ்சு ஏன் இங்க உக்காந்திருக்கேன்னா, வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு ஒருதடவை சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன், நீ வந்த. உள்ள வேற அஞ்சு கேக்கச் சொன்னேன் அந்தம்மாவை. கேட்டாங்க. கேட்ட உடனே ஜோராத் திருப்பிச் சொன்னேன். கடிகாரம் வரைஞ்சு முடிச்சப்புறம் கேட்டாங்க, ஒண்ணு வந்துச்சு. பேனா. அதுவும் அவங்க கையிலயே பேனா இருந்துச்சு, அதைப் பாத்துதான் சொன்னேனோ என்னவோ. சர்ட்டிபிகேட் கொடுக்கல. ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்காங்க, வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டு.

அந்தா கதவு திறக்குது. உன் நம்பர்தான், எந்திரி. சட்டையை இழுத்து விட்டுக்கோ. அந்த அஞ்சா? சொல்றேன், சொல்றதுக்கு என்ன. குடை, எலுமிச்சை, ஏணி, மாமா, நீலம். மனப்பாடம் பண்ணாத. இது இந்த பெஞ்சுல உக்கார்ற எல்லாருக்கும் தெரியும்னு காலையிலேயே அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். இன்னிலேர்ந்து ஆளுக்கு வேற வேற அஞ்சு.